கேற் இல்லாத கம்பஸ்

அக்கா,

இன்று செவன் கிங்ஸ் பக்கத்துக் கடையில் வெங்காயம் வாங்கும்போதுதான் கையில் இருந்தது எந்தப் பை என்று பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் திறந்த நாளில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்களே, அந்த நீலத் துணிப்பை. தோய்த்துத் தோய்த்து எழுத்து மங்கிவிட்டது, ஆனாலும் பெயரை வாசிக்கலாம்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது, கூடப் பிறக்காத தங்கச்சி என் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் மகளுக்குத் தமிழ் எழுத வராது. பிறப்பு, திருமணம், தபால் கந்தோர் வேலை எல்லாம் எழுதியாயிற்று. படிப்பு என்ற இடத்தில் நிற்கிறேன். சட்டனிலிருந்து உங்கள் அண்ணை போன் எடுத்து, "பட்டதாரி எண்டு போடும் தங்கச்சி, ஆர் வந்து கேக்கப் போகினம்?" என்றார். உண்மைதான், ஒருவரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள் என்பதுதான் என் கஷ்டம்.

ஊரில் பல்கலைக்கழக அனுமதி வந்தால் கம்பஸ் கிடைத்தது என்போம். உங்களுக்கும் கிடைத்தது. அந்த வருடமே நாட்டு நிலைமை உங்களை வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டது. பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கம்பஸ் கிடைச்சது, போகேல்ல." பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோல் சொல்வீர்கள்.

சேருமுன் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கிற மகளின் திறந்த நாளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். ரயிலால் இறங்கியதிலிருந்து வாசல் கேற்றைத் தேடினீர்கள். மதில், கேற், காவலாளி, உள்ளே மரங்கள். கம்பஸ் என்றால் உங்களுக்கு அதுதான். நாங்கள் கண்டதெல்லாம் கோப்பிக் கடையும் சிவப்பு பஸ்களும். வழிகாட்ட நின்ற மாணவியிடம் கடைசியில் கேட்டீர்கள். இவ்வளவு நேரமும் நாங்கள் பல்கலைக்கழகத்துக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறோம் என்றாள் அவள்.

"இதென்ன, றோட்டெல்லாம் கம்பஸோ?" என்று என்னைப் பார்த்தீர்கள்.

றோட்டெல்லாம்தான். ஒரு பக்கம் தூண் வைத்த பெரிய கட்டடம். புகைபோக்கி வைத்த பழைய வீட்டு வரிசையில் வரலாற்றுத் துறை. எதிரே கண்ணாடிக் கட்டடத்தில் மூளையை ஆராய்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியும் அவர்களோடு சேர்ந்ததாம். அரசாங்கப் பல்கலைக்கழகம், ஆராய்ச்சிதான் முதல் வேலை, மாணவர்கள் ஒரு சின்ன நகரத்துச் சனமளவு என்று மேடையில் ஒருவர் படம் காட்டி விளக்கினார். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ஒரு சொல் விடாமல் கேட்டீர்கள்.

பிறகு தாவரவியல் மேசையில் இருந்த பேராசிரியையிடம் போய், "ஐ ஆல்சோ காட் கம்பஸ்" என்றீர்கள். எந்தக் கம்பஸ் என்று கேட்டு அவர் வரைபடத்தை விரித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. நீங்கள் சிரிக்காமல் முழுக்கதையும் சொன்னீர்கள். அவர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, பகுதிநேரமாகவும் படிக்கலாம், வயது ஒரு தடையில்லை என்றார்.

மகள் வேறு நகரத்தைத் தெரிவு செய்தாள். நீங்கள் அடுத்த கோடையில் என் வாசலில் வந்து நின்றீர்கள்.

"பிள்ளை, எனக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது."

"போறியளோ?"

"போகாமல் பின்னே?"

இந்தப் பையின் சோடியான உங்கள் பையில் சோற்றுப் பெட்டியையும் புத்தகத்தையும் போட்டுக்கொண்டு, வேலையில்லாத நாட்களில் போனீர்கள். பாசி பற்றி எனக்குச் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் வருடத்தில் வருத்தம் வந்து படுத்தீர்கள். அந்த ஆஸ்பத்திரியில்தான் கட்டில் கிடைத்தது. பார்க்க வந்த என்னிடம், "பார், இப்பவும் கம்பஸிலதான் கிடக்கிறன்" என்றீர்கள். நானும் சிரித்தேன். லிஃப்டுக்குள் போனதும் அழுதேன்.

பட்டதாரி என்று எழுதிப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு வெட்டிவிட்டு, 'கம்பஸ் கிடைத்தது, போனார்' என்று எழுதினேன். அண்ணைக்குப் போனில் வாசித்தேன்.

"போனார் எண்டால் செத்துப்போனார் எண்டெல்லோ சனம் விளங்கும்?"

"விளங்கட்டும் அண்ணை. ரெண்டும் நடந்ததுதானே."

அவர் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "சரி, அப்பிடியே விடும்" என்றார்.

வெங்காயச் சருகைத் தட்டிவிட்டுப் பையை ஆணியில் கொழுவியிருக்கிறேன். இது கிழியும்வரை கடைக்கு இதோடுதான் போவேன். கல்லாவில் இருக்கும் பெடியன் இன்று இதைப் பார்த்துவிட்டு, "அன்ரி, நீங்க அங்கயா படிச்சீங்க?" என்று கேட்டான்.

"இல்லையப்பன்," என்றேன். "எங்கட அக்கா போனவ."