அண்ணன் பெயரைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

யெல்ஷான்கா, ஓடைக்கரை
டிசம்பர் 4

அன்புள்ள கொலோமான் அண்ணனுக்கு,

தங்கை மார்கிதா எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் யோனாஷும் பிள்ளைகளும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதா அருள் புரியட்டும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ வேலைக்குப் போயிருக்கும் ஊரில், கோழித் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குளிர் அறையில் நிற்க வேண்டியிருக்கிறது என்று அண்ணி சொன்னாள். இடுப்பில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு போ. வெட்கப்படாதே.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், நானும் அழுதுவிடுவேன். மூன்று மாதமாக இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து கேட்பதுதான் முறை.

போன வருடம் வசந்தத்தில் ஓட்டோ என்ற ஒருவர் நம் குடியிருப்புக்கு வந்தார். கிழக்குப் பக்கத்து ஆள், நம்மைப் போல ரோமா இனத்தவர், முன்பு கொத்தனார். நம்மவர்கள் சேர்ந்து தொடங்கிய கட்சிக்குக் கிளை அமைக்க வந்திருப்பதாகச் சொல்லி அடிபம்பு பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எல்லாம் அவரைக் கிண்டல் செய்தார்கள். “எலெக்‌ஷன் இன்னும் ஒண்ணரை வருசம் இருக்கே, வழி தவறிட்டீங்களா?” என்று ஒருவன் கேட்டான். “அண்டா எங்க? கூலாஷ் கறிக்குழம்பு எங்க?” என்று இன்னொருவன் கேட்டான். அவரும் சிரித்துக்கொண்டே, “அண்டா இல்ல. பேர் எழுதற நோட்டுதான் இருக்கு” என்றார்.

வாக்கு கேட்காத கட்சிக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு கூட்டம், பன்னிரண்டு பேராவது தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும், தலைவரையும் செயலாளரையும் அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். நான் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன், எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும் என்பதால் என்னை வீடு வீடாகப் போகச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அடையாள அட்டை காலாவதியானவர்களை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கெல்லாம் வந்தார்கள். கையெழுத்து என்றதும் கதவைச் சாத்தினார்கள்.

இலோனா அக்கா மட்டும்தான் காரணத்தை முகத்துக்கு நேரே சொன்னாள். “உங்கண்ணன் சொன்ன நம்பரத்தான் இத்தன வருசம் வட்டம் போட்டோம். இப்ப நீ எந்த நம்பரோட வந்திருக்க?” என்று கேட்டாள். நான் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வருடம் முடிந்தபோது கிளையில் ஐந்து பேர்தான் இருந்தோம். அதில் இரண்டு பேர் நானும் யோனாஷும்.

ஜூலையில் மேயர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். காபி கொடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். கொலோமான் விவரமான ஆள், அவன் இருந்தவரை ஓடைக்கரையில் ஒரு தொந்தரவும் இல்லை என்றார். யோனாஷைத் தெரு கூட்டும் வேலைக்கு மேஸ்திரியாகப் போடலாம், தேர்தலுக்கு நான் “பழையபடி உதவி பண்ணினால்” போதும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். வீட்டில் யோனாஷ் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். மறுநாள் நான் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் தெரு கூட்டுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்கு அவர் என்னைத் திட்டவில்லை, அண்ணா. காளான் பொறுக்கக் காட்டுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்டு கடைசியில் பொதுக்கூட்டம் வைத்தோம். ஊர் மண்டபத்தைக் கேட்டதற்குச் சாவி தொலைந்துவிட்டது என்றார்கள். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் அடிபம்பு பக்கத்திலேயே கூடினோம். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஓட்டோ பேசி முடித்ததும் இலோனா அக்கா எழுந்து நின்று கேட்டாள்: “எங்க ஓட்ட வித்தது யாரு, வாங்கினது யாரு, கைக்கு என்ன வந்துச்சு? அத யாராவது சொல்லட்டும். அப்புறம் கையெழுத்தப் பேசலாம்.”

ஓட்டோ, அதைத் தன்னால் சொல்ல முடியாது என்று ஒதுங்கி நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உன் பெயரைச் சொன்னேன், அண்ணா.

போன மூன்று தேர்தல்களிலும் வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை அண்டாவைக் கொண்டுவந்தது நீதான், எந்த எண்ணுக்கு வட்டம் போட வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னது நீதான், பதிலுக்கு மேயர் உன் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார் என்று சொன்னேன். எண்பது வீட்டுக்கு ஒரு அடிபம்பு, உன் வீட்டுக்குள் மட்டும் குழாய். அந்தத் தண்ணீரில்தான் என் பிள்ளைகளையும் குளிப்பாட்டினேன் என்பதையும் சொன்னேன். உன்னை மட்டும் சொல்லிவிட்டு என்னை மறைக்கவில்லை. பனி இடுப்பளவு விழுந்த அந்த வருடம் நீ மேயரிடம் சண்டை போட்டு இரண்டு லாரி விறகு கொண்டுவந்தாய், அது இல்லையென்றால் கைக்குழந்தைகள் தப்பியிருக்காது என்பதையும் சொன்னேன். அதுவும் உண்மைதானே.

ஷ்டெஃபான் மாமா கைத்தடியைத் தரையில் தட்டிவிட்டு, “இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? நீ சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்” என்றார். இலோனா அக்கா வந்து பேனாவை வாங்கினாள். அன்று பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தோம். நான் செயலாளர்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. அந்த வாரமே உன் குழாயிலிருந்து ரப்பர் குழாய் ஒன்றை இழுத்துச் சுவருக்கு வெளியே விட்டேன். யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்று. உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். பதினொரு நாள் எல்லோரும் பிடித்தார்கள். பிறகு ஊராட்சியிலிருந்து ஆள் வந்து, அனுமதி இல்லாத உபயோகம் என்று எழுதிக் கொடுத்து மீட்டருக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். இப்போது உன் வீட்டிலும் தண்ணீர் இல்லை. இதற்கு நீ என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். முதல் விஷயத்துக்குத் திட்டினால் பதில் சொல்வேன்.

தேர்தலுக்கு முன்னால் ஓட்டோ வெற்று வாக்குச்சீட்டு மாதிரி அச்சடித்துக்கொண்டு வந்தார். படிக்கத் தெரியாதவர்களும் எண்ணைப் பார்த்துத் தாங்களே வட்டம் போடப் பழகினார்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை வைப்பதா ஞாயிற்றுக்கிழமையா என்று அதை வைத்தே வாக்கெடுப்பு நடத்தினோம். ஷ்டெஃபான் மாமா திரைக்குப் பின்னால் போய் அரை மணி நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், “யோசிக்க வேணாமா? மொதத் தடவையா என்னக் கேக்கறாங்க” என்கிறார்.

வெள்ளிக்கிழமை அண்டா வந்தது. உன் இடத்தில் வேறொருவன் நின்று கிண்டினான். எல்லோரும் போய்ச் சாப்பிட்டார்கள். நானும் ஒரு கிண்ணம் வாங்கினேன், யோனாஷுக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் இறைச்சி பார்க்கவில்லை. உப்பு குறைவாக இருந்தது. மறுநாள் எல்லோரும் வரிசையில் நின்று அவரவர் விருப்பப்படி வாக்களித்தார்கள்.

ஆளுக்கு ஏழு வட்டம் வரை போடலாம் என்பது உனக்குத் தெரியும்; அந்த ஏழு பேர் ஊர் மன்றத்துக்கு நாங்கள் நான்கு பேர் நின்றோம். இலோனா அக்காவும் ஷ்டெஃபான் மாமாவின் மருமகனும் வென்றார்கள். நான் பதினாறு வாக்கில் தோற்றேன். மேயர் மறுபடியும் மேயராகிவிட்டார். அன்று சாயங்காலம் இலோனா அக்கா வீட்டுக்கு வந்து, “நான் ஒனக்கு வட்டம் போடல மார்கிதா. ஒங்கண்ணன் ஞாபகம் வந்துச்சு, கை வரல. அடுத்த தடவ போடுறேன்” என்றாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கோபம் வரவில்லை. அவளைப்போலக் கை வராதவர்கள் இன்னும் பதினைந்து பேராவது இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார எனக்கு நாலு வருடம் இருக்கிறது.

போன வாரம் மன்றத்தின் முதல் கூட்டம். வெளியாட்கள் உட்காரும் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன். இலோனா அக்கா தேவாலயத்துக்குப் போடும் அந்தக் கறுப்புக் கவுனிலேயே வந்தாள். ஓடைக்கரைக்கு எப்போது குழாய் வரும் என்று கேட்டாள். வரவுசெலவில் இடமில்லை என்றார் மேயர். அப்படியென்றால் இடமில்லை என்பதை எழுத்தில் பதியுங்கள், நான் என் ஆட்களிடம் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் வசந்தத்தில் இன்ன தேதியில் திட்டம் போடுவது என்று தீர்மானம் எழுதினார்கள். குழாய் வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தேதி எழுதியிருக்கிறது. அந்தத் தேதிக்கு நாங்கள் எல்லோரும் போய் நிற்போம்.

கிளைச் செய்தி இவ்வளவுதான். உன்னைப் பற்றி இங்கே என்ன பேசுகிறார்கள் என்று நீ கேட்பாய். மறைக்காமல் சொல்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். சிலர் அந்த விறகைப் பற்றிப் பேசுகிறார்கள். நீ இனி இந்தப் பக்கம் வரமாட்டாய் என்று பந்தயம் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

என் பெரியவள் சபீனாவுக்குச் செப்டம்பரில் ஆண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பாதிரியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார், இவ்வளவு நாள் வைத்திருக்கக் கூடாது என்று. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இருமல் வந்தது, இப்போது சரியாகிவிட்டது. உன்னைப்போல அகலமான நெற்றி.

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உன் கைகால் வலியில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க ஞானத்தந்தை வேண்டும், அண்ணா. நாங்கள் வேறு யாரையும் கேட்கவில்லை.

உன் தங்கை,
மார்கிதா