ஊசியை அழித்தவரின் யோசனைகள்

கையெழுத்து என்பது ஒருவரின் முகம். அதைக் கணினியில் வரைவது ஒரு தவம். இப்படிச் சொன்ன உன் வீட்டுக்காரர் போட்டோ எடிட்டரைத் திறக்கக் கற்று நான்கு நாள்தான் ஆகிறது.

நேற்றிலிருந்து நீ அவரோடு பேசுவதில்லை. அதனால் இதை அவருக்காக யாரோ எழுதிய சீட்டாக வைத்துக்கொள். சூப் அடுப்பில் இருக்கிறது, சுட வைத்தால் போதும். தையல் கடைச் சாவி செருப்பு அலமாரி மேல்.

கடை மெயிலின் அடியில் போட நீ ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த கையெழுத்தை நேற்று அவர் 'சரிசெய்தார்'. உன் பெயரின் கடைசி எழுத்து நூலாக நீண்டு ஊசிக்குள் நுழையும் இடத்தைப் பார்த்து, "என்னம்மா, ஏதோ கீறல் விழுந்திருக்கே" என்று அழித்தார். "ஐயோ, அது ஊசிங்க! கடையே அதுதாங்க!" என்று நீ ஓடி வருவதற்குள் சேமித்தும் விட்டார்.

ஆகவே, புதிதாகக் கற்பவர்களுக்கு அவர் சொல்வது: அசல் கோப்புக்கு முதலில் நகல் எடுத்து வை. எழுத்து ஒரு லேயர், படம் ஒரு லேயர் என்று தனித்தனி அடுக்காக வை. பின்னணி வெள்ளையாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க பிஎன்ஜியாகச் சேமி. வீட்டுக்காரர் கையில் மவுஸைக் கொடுக்காதே.

ஊசியைத் திரும்ப வரைந்து பார்த்தார். மீன்முள் மாதிரி வந்தது. மன்னிச்சிடும்மா.

பி.கு. (இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறார்): நீ கோபித்துக்கொண்டு படுத்த பிறகு, கம்பீரமாக இருக்கட்டும் என்று கையெழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு, கடை திறப்பு மெயிலை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிட்டார். இதுவரை மூன்று பேர் இரங்கல் தெரிவித்திருக்கிறார்கள்.