முதல் விளம்பர இடைவேளை உனக்கு

என் செல்லப் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவன் மூவரும் நலம், நலத்தோடு சத்தமும் கொஞ்சம் அதிகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். அப்படி இல்லையென்றால் உண்மையை எழுது, போன தடவை மாதிரி இருமிக்கொண்டே நன்றாக இருக்கிறேன் என்று சொல்லாதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் இனிமேல் போனில் ரகசியம் பேச முடியாது, அதனால்தான். ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும், பொறுமையாகப் படி.

வருஷக் கடைசி விடுமுறைக்கு வீடு தயாராகிக்கொண்டிருக்கிறது. மாடிவீட்டுச் சித்தி இப்போதே சோபாவில் தன் மூலையைப் பிடித்து வைத்துவிட்டாள், தலையணை கூடக் கொண்டுவந்து போட்டாயிற்று. சோபாவில் உட்காருகிறவர்தான் எல்லாருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுக்க வேண்டும் என்ற நம் வீட்டுச் சட்டத்தை மட்டும் வசதியாக மறந்துவிடுவாள். பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று இந்த வருஷமும் விடுமுறையின் கடைசி ஞாயிறு சாயங்காலம்தான். விளம்பரம் வந்தால் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம், "எவனோ சோப்பு விக்கிறதுக்கு என் காதை வாடகைக்கு விட முடியாது" என்பார். அந்த மௌனத்தில் சும்மா உட்கார முடியாமல், ஆளுக்கு ஒரு இடைவேளை, வீட்டில் ஒருவருக்கு அந்த வருஷத்துக்கான நன்றியைச் சொல்ல வேண்டும், விளம்பரம் முடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆரம்பித்து வைத்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே உனக்கு அவ்வளவு நாட்டாமை. அதற்கப்புறம் சின்னவன் ரிமோட்டைக் கண்டுபிடித்தவனுக்கு நன்றி சொல்லப்போய், நன்றி வாங்குகிறவர் இந்த வீட்டுச் சோறு சாப்பிட்டவராக இருக்க வேண்டும் என்று அப்பா கூடுதல் சட்டம் போட்டதும், சித்தி நன்றி சொல்ல ஆரம்பித்தால் ஒரு பாட்டே ஓடிப்போய்விடுவதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ இல்லாத முதல் விடுமுறை போன வருஷம்தான். உன்னைப் போனில் ஸ்பீக்கரில் போட்டு, ஸ்டூலின் மேல் வைத்து, உனக்கும் ஒரு கிண்ணம் வறுத்த கடலையைப் பக்கத்தில் வைத்திருந்தான் சின்னவன், அதையும் அவனே தின்றான். உன் முறை வந்தபோது நீ அப்பாவுக்கு நன்றி சொன்னாய். அவ்வளவு தூரம் போகாதே என்று வீடே தடுத்தபோது, ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தவர் நீங்கள்தான் அப்பா, இங்கே பயம் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா என்ன சொன்னார்? "சரி சரி, பாட்டு வந்துடுச்சு, சத்தத்தை ஏத்து" என்றார். அன்றிலிருந்து அவரிடம் உனக்கு மூன்றே கேள்விதான், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மா இருக்காங்களா. இந்த வருஷம் வேலை இருக்கிறது, போனில் கூட வர முடியாது என்கிறாய். என்ன வேலை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன், பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, திருதிருவென்று முழித்தது போனிலேயே தெரிந்தது. எனக்கு வாய் நீளம்தான், அதற்காகக் கண் இல்லை என்று நினைத்துவிடாதே.

போன மாதம் ஒரு ஞாயிறு. காலிறுதிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்ததும் சின்னவன் சத்தத்தை நிறுத்திவிட்டு, ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலை எடுக்க அடுப்படிக்குப் போய்விட்டான். விளம்பரம் முடிந்து, அப்பாவுக்குப் பிடித்த அந்தச் சுருட்டைமுடிப் பையன் மேடைக்கு வந்து வாயைத் திறந்தான். சத்தம் இல்லை. நானும் சித்தியும் சின்னவனைக் கூப்பிட வாயெடுத்தோம். அதற்குள் அப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார், தலையை ஆட்டுகிறார், "அடடா, மேல போயிட்டு எப்படி அழகா எறங்குறான் பாரு" என்கிறார். ஊமைப் படத்துக்கு! சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்துவிட்டாள். சின்னவனும் ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். அப்பா எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாதபோது அவர் சிரிக்கிற சிரிப்பு அது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, தண்ணி வேணுமா என்று மெதுவாகக் கேட்டேன். பதில் இல்லை. லேபில் கூப்பிடுகிற குரலில் கேட்டேன், திரும்பி "ஏன் இப்படிக் கத்துற" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களை வாசல்வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் குரல் வீட்டிலும் இறங்குவதே இல்லையா, என் பேச்சு மட்டும் அவர் காதுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அச்சகத்தில் அத்தனை வருஷம் மிஷின் பக்கத்தில் நின்ற காது, பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் காது டாக்டரம்மா. அந்தப் பரிசோதனையில் அவர் செய்த கூத்தைக் கேள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்க என்றால், இவர் டாக்டரம்மா கை அசைவதைப் பார்த்துப் பார்த்து அமுக்கியிருக்கிறார். காதுப் பரீட்சையில் கண்ணால் காப்பியடித்த ஒரே ஆள் உன் அப்பாதான். அப்புறம் அந்த அம்மா அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கிண்டலை நிறுத்திவிட்டு, தெரிஞ்சே ஏன் சொல்லலை என்று கேட்டேன். உங்களோடதெல்லாம் வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறேன், சமாளிச்சுடலாம் என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "போன்லதான் முடியல. பெரியவ பேசுறது எங்கயோ தூரத்துல பேசுற மாதிரி இருக்கு. திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னா அவளுக்கு அலுத்துப்போயிடும், அப்புறம் கூப்பிடவே மாட்டா. அதான் சட்டுனு உன்கிட்ட குடுத்துடுறேன்" என்றார். நீ அங்கே, உன் நன்றி அப்பாவுக்குப் பெரிதாகவே படவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய், அவர் இங்கே உனக்கு அலுத்துவிடக் கூடாது என்று ஒதுங்கி நிற்கிறார். கோபமும் ரோஷமும் அப்பனுக்கும் மகளுக்கும் அச்சு அசல் ஒன்று, நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவள் நான்.

காதுக்கு மாட்டுகிற மிஷின் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, கிழவன் மாதிரி இருக்கும் என்றார், இப்போது மட்டும் என்ன குமரனா என்றேன், வாங்கிக்கொண்டார். மாட்டியதிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி போயிற்று. மின்விசிறி கடகடக்கிறது என்கிறார், நான் சாப்பிடும்போது சத்தம் வருகிறது என்கிறார், அடுப்படியில் நின்று நான் அவரைப் பற்றி முணுமுணுப்பதற்குக் கூடத்திலிருந்து பதில் வருகிறது. இத்தனை வருஷமாக முணுமுணுத்துத்தான் குடும்பம் நடத்தினேன், இனி எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. கீழ்வீட்டு டிரைவர் நேற்றுப் படியில் நிறுத்தி, என்னக்கா டிவி ரிப்பேரா, ரெண்டு வாரமா எனக்குப் பாட்டே கேக்கலையே என்று வருத்தப்பட்டார். சுருட்டைமுடிப் பையனை முதல் தடவை முழுசாகக் கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. "இவனையா நான் தலையில தூக்கி வச்சு ஆடினேன்" என்றார். ஆனாலும் கட்சி மாறமாட்டாராம், பையனுக்கு நல்ல மனசாம், அது முகத்திலேயே தெரிகிறதாம்.

முந்தாநாள் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும்போது, "போன வருஷம் பெரியவ எனக்கு நன்றி சொன்னாளே, என்ன சொன்னா" என்று கேட்டார். நன்றி சொன்னது வரைக்கும் சித்தி கண் துடைத்ததை வைத்து ஊகித்திருக்கிறார். சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் சொல்லவில்லை, அதெல்லாம் அவ வாயால கேளுங்க, நான் தபால்காரி இல்லை என்றுவிட்டேன். கொஞ்ச நேரம் துண்டையே மடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் சின்னவனைக் கூப்பிட்டு, "இறுதிச் சுற்று அன்னிக்கு முதல் விளம்பரத்துல பெரியவ பேசுவா. விளம்பரம் முடிஞ்சாலும் நீ சத்தத்தை ஏத்தாதே. அவ பேசி முடிக்கட்டும், பாட்டு போனா போகட்டும்" என்றார். நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில், எதிர்க்கடை ரேடியோவில் பாட்டு முடியட்டும் என்று நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்த மனுஷன் சொல்கிறார் இதை.

இதை நான் எழுதியது அவருக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், அவரை இனிமேல் பொய் சொல்லப் பழக்காதே. நீங்கள் இருவரும் ஒற்றுமையாய், ஆரோக்கியமாய், நீடூழி வாழ வேண்டும். உன் வேலையை எல்லாம் அந்த ஒரு ஞாயிறு ஓரமாக வைத்துவிட்டுக் கூப்பிடு. ஒன்றை மட்டும் நினைவில் வை, ஸ்பீக்கர் வேண்டாம், போனை அவர் காதிலேயே கொடுக்கிறேன். கத்த வேண்டாம். மெதுவாகச் சொன்னாலே அப்பாவுக்கு இப்போது கேட்கும்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா