தட்டைவாயன் எப்படித் திங்கும்?

உன் பைனாகுலர் வாரில் இன்னும் தேங்காயெண்ணெய் வாசம் இருக்கிறது, மாப்ள. உன் வீட்டம்மா அதை என்னிடம் தந்து ஒரு வருஷமாகப் போகிறது. இன்று காலை கழுத்தில் மாட்டியதும், நீயே தோளில் கைபோட்டதுபோல் இருந்தது.

நம்ம பஸ்ஸின் முதல் டிரிப் இப்போதும் அலங்காநல்லூர்ப் பக்கத்து அதே கண்மாய்க்கரையில்தான் முடிகிறது. பத்து நிமிஷம் வண்டி நிற்கும். பனி இறங்கிக் கிடக்கையில் தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியாது. நான் ஸ்டியரிங்கை விட்டு இறங்குவேன். நீ டிக்கெட் பையோடு இறங்குவாய். அங்கே மட்டும் விசில் அடிக்கமாட்டாய், வாத்து பறந்துவிடுமாம். எனக்கோ எல்லா வாத்தும் ஒன்றுதான்.

"பேரு கெடக்கட்டும் மாப்ள, எப்படித் திங்குதுன்னு பாரு. நான் என்ன மூஞ்சியப் பாத்தா டிக்கெட்டுக் கிழிக்கிறேன்? எங்க எறங்குறீகன்னு கேட்டுத்தான?" என்பாய்.

புள்ளிமூக்கு வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, வால் மட்டும் மேலே தெரிய, அடியில் இருக்கும் பாசியை மேயும். பனிக்காலத்துக்கு மட்டும் வந்துபோகும் தட்டைவாயன் அப்படியில்லை. கரண்டி போன்ற அலகை நீர்மட்டத்தில் வைத்து அரித்துக்கொண்டே போகும். நாலைந்து சேர்ந்தால் வட்டமாகச் சுற்றும். அதைப் பார்த்துக்கொண்டே நீ டீயை ஆறவிடுவாய்.

சர்க்கரை வியாதி உன் கண்ணைக் கொண்டுபோன பிறகு, டூட்டி முடிந்து தினமும் உன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தேன். "தட்டைவாயன் வந்துருச்சா?" ஒரே கேள்விதான். போன மார்கழி முழுக்க அது வரவில்லை. உனக்கோ நாள் குறைந்துகொண்டே வந்தது. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"வந்துருச்சு மாப்ள!" என்றேன்.

உன் முகம் மலர்ந்தது. "எப்படித் திங்குது?"

அதை யோசித்து வைக்கவில்லை நான். "தலைகீழாக் கவுந்து, வாலத் தூக்கிக்கிட்டு..." என்று உளறினேன்.

நீ தடவித் தடவி என் கையைப் பிடித்தாய். "சரி மாப்ள. தட்டைவாயன்னே வச்சுக்குவோம்."

நான்காம் நாள் போய்விட்டாய். கண் தெரியாதவனை ஏமாற்றப் பார்த்தேனே என்ற வெட்கத்தோடுதான் இந்த வருஷம் முழுக்க வண்டி ஓட்டினேன்.

இன்று பனிக்குள் ஆறு வாத்துகள். எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிந்தன. "டயமாச்சுண்ணே, வண்டிய எடுங்க!" என்று புது கண்டக்டர் கூப்பிட்டார்.

"இருங்க, அது திங்கட்டும்" என்றேன்.

ஆறும் அலகைத் தாழ்த்தின. ஒன்றின் பின் ஒன்றாகச் சுற்றத் தொடங்கின. நான் கண்ணை மூடிக்கொண்டு உனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்:

"தலைகீழா நிக்கல மாப்ள. மேலாக்க அரிச்சுத் திங்குது. வட்டமாச் சுத்துது. பேர நீயே சொல்லு."