பூனைப் படத்தில் என் பெயர்

ஆடி, வெள்ளி இரவு.

பூனைப் படத்தை ஃப்ரேம் போட்டு வாங்கி வந்தேன். அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

கார்ட்டூன் பூனை ஒன்று போனைக் காதில் வைத்து அழுகிற பாப் ஆர்ட் அச்சு. மொத்தமே ஐம்பது பிரதிகள், என்னுடையது ஏழாவது. வரைந்தவர் கீழ் ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் இந்த மாதிரிப் படங்களைச் சேர்க்கிறேன். இல்லையென்றால் காலண்டரைக் கிழித்து மாட்டியிருப்பேனே!

திருச்செங்கோட்டு ஃப்ரேம் கடைக்காரர் படத்தைப் பெருமையாக நீட்டினார். கையெழுத்தைக் காணோம். அதே இடத்தில், கண்ணாடிமேல் சிவப்புப் பெயிண்டில், "அன்பளிப்பு: கலையரசி குடும்பத்தார்."

"ஏனுங்க, இங்க இருந்த கையெழுத்து எங்கீங்க?"

"அதுங்களா? யாரோ பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தாங்க. ரப்பர் போட்டுச் சுத்தமா அழிச்சு உட்டுட்டனுங்க."

"எம் பேரை எழுதச் சொன்னது யாரு?"

"விசேஷத்துக்குக் குடுக்கறதுதானுங்க? குடுக்கறவங்க பேரு இல்லாம எப்படிங்க சாமி? வரஞ்சவரு பேரை யாரு கேக்கப் போறாங்க!"

நான் கேட்பேன் என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் படத்தைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று வந்துவிட்டேன். பெயிண்டைப் பிளேடால் சுரண்டிவிடலாம். அழித்த கையெழுத்தை என்ன செய்வது?

இவ்வளவும் எழுதிய பிறகுதான் உறைக்கிறது. நாய்ப் படத்தையும் அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன். அதிலும் பென்சில் கையெழுத்துதான். போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அதை முடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு வேலையை முடிக்கிற மனிதர் வேறு.