தலையணைக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு

மகாராணிக்கு,

மூன்று நாளாக நாம் பேசிக்கொள்வதில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. இது பேச்சு இல்லை, சீட்டு.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு. என் சாவி என்னிடம் இருக்கிறது, வந்து நானே திறந்துகொள்கிறேன், உள்ளே தாழ் போட்டுவிடாதே.

சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில். பத்து வருஷத்து எண்ணெய்ப் புகை சீலிங்கில் அப்பிக்கிடக்கிறது. "பெயிண்ட் அடிச்சாப் போச்சு" என்று நான் சொன்னது தப்புதான். "இதையேதான் வருஷா வருஷம் சொல்றீங்க" என்று நீ ஏணியில் ஏறியதும் நியாயம்தான். ஆனால் யாராவது நட்ட நடுவிலிருந்து துடைக்க ஆரம்பிப்பார்களா? மூலையிலிருந்து வர வேண்டாமா? ஒரு தட்டு அகலத்துக்குத் துடைத்துவிட்டு இறங்கிவிட்டாய்.

இன்று மத்தியானம் அதற்குக் கீழே படுத்தேன். கண் செருகியது. சீலிங் திறந்து வெளிச்சம் இறங்குகிற மாதிரி இருந்தது. கட்டில் படகு போல மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் நீ இருந்தாய், ஒன்றும் பேசாமல், ஆனால் கோபமில்லாமல்.

விழித்த பிறகுதான் கவனித்தேன். அது நடு இல்லை. சரியாக என் தலையணைக்கு மேலே. உன் பக்கம் இன்னும் அழுக்காகவே இருக்கிறது.

மறந்துவிட்டேன்: சோப்புத் தண்ணீர் வாளியைக் கொட்டிவிடாதே. உன் பக்கத்தை நான் வந்து துடைக்கிறேன்.

இன்னொன்று: ஏணிக்கு ஒரு கால் ஆடுகிறது, தனியாக ஏறாதே. நான் ஏறும்போது பிடித்துக்கொள். பேச வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும்.