அவசரக் கதவின் முன் பெட்டிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இனி தொழிற்சாலைக்கு அரசு ஆய்வாளர் வரமாட்டாராம். எல்லாம் சரி என்று பாதுகாப்பு அதிகாரியான நானே கையெழுத்திட்டால் போதுமாம்.

"உங்க அப்பா மாதிரி இன்ஸ்பெக்டருங்க தொல்லை விட்டுச்சு மேடம்," என்று மேலாளர் சிரித்தார்.

ஆய்வெல்லாம் வெறும் நாடகம் என்று உங்களோடு வாதாடியவள்தான் நான். ஆனால் அந்த நாடகத்துக்காகவாவது, தையல் கூடத்து அவசரக் கதவின் முன் அடுக்கிய பெட்டிகளை வருடம் இருமுறை நகர்த்தினார்கள். இப்போது யாரும் தொடுவதில்லை. நகர்த்தாமல் கையெழுத்திட மாட்டேன் என்றேன்.

"அப்போ வேற ஆளப் பாத்துக்கறோம்," என்றார், சிரிக்காமல். கவலைப்படாதீர்கள், சண்டையெல்லாம் இல்லை.

ஆய்வில் என்னென்ன பார்ப்பீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். நீளமாகவே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பொழுது போவதில்லை.

சங்கு ஊதிவிட்டது, வருகிறேன்.

உங்கள் மகள்